'குட்டி இளவரசன்' மறுவாசிப்பு: எண்ணுகிறவர்கள் எல்லோரும் ஒன்றா?

குடியாத்தம் வாசகி

அந்த்வான் து செந்த்-எக்சுபெரி எழுதிய 'குட்டி இளவரசன்' என் பள்ளிப் பருவத்தின் புத்தகம். ச. மதனகல்யாணியும் வெ. ஸ்ரீராமும் பிரெஞ்சு மூலத்திலிருந்தே மொழிபெயர்த்து, க்ரியா 1981இல் வெளியிட்ட நூல் அது. எங்கள் தெருவில் பல வீடுகளைச் சுற்றி, அட்டை பிய்ந்து, ஊசிநூலால் தைக்கப்பட்ட நிலையில் என் கைக்கு வந்தது. யானையை விழுங்கிய மலைப்பாம்பின் படமும், தன் சின்னஞ்சிறு கிரகத்தின் மூன்று எரிமலைகளை வாரந்தவறாமல் சுத்தம் செய்யும் சிறுவனும் என்னோடு பல காலம் வாழ்ந்தார்கள். என் மகன் இப்போது அந்த வயதை எட்டியிருப்பதால், அவனிடம் கொடுப்பதற்கு முன் முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தேன். அன்பு சிறிதும் குறையவில்லை. ஆனால் பதின்மூன்றாம் அத்தியாயத்தில் என்னால் மேலே நகர முடியவில்லை.

தன் கிரகத்தை விட்டுப் புறப்பட்டு ஒவ்வொரு கிரகமாகப் போகும் இளவரசன் அந்த அத்தியாயத்தில் சந்திப்பவர் விண்மீன்களை எண்ணும் வணிகர். 50,16,22,731 என்ற தொகையை எட்டியிருக்கிறார். வாயிலுள்ள சிகரெட் அணைந்துபோயிருக்கிறது. அதை மறுபடி பற்றவைக்கக்கூட அவருக்கு நேரமில்லை. 54 ஆண்டுகளாக அந்தக் கிரகத்தில் இருக்கும் தன்னை மூன்றே மூன்று முறைதான் இடையூறு குறுக்கிட்டது என்றும், தான் பொறுப்பான ஆள் என்றும் திரும்பத் திரும்பச் சொல்கிறார். சிறுமியாக இருந்தபோது இந்தப் பக்கங்களைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். நான் சிரித்துக்கொண்டிருந்த அதே திண்ணையில், மடியில் முறத்தை வைத்துக்கொண்டு என் அம்மா பீடி சுற்றிக்கொண்டிருந்தார். இலையை நனைத்து, தகட்டு அளவுக்குக் கத்தரித்து, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டி, முனையை மடித்து, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டுப் போடுவார். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்பதுதான் கணக்கு. அவருடைய உதடுகள் அசைந்துகொண்டிருக்கும்போது நாங்கள் யாரும் பேச மாட்டோம். எண்ணிக்கை தவறினால், பொருளை வாங்கிக்கொள்பவர் கூலியில் பிடித்துக்கொள்வார்.

ஓயாமல் எண்ணும் மனிதரைப் பார்த்து நகைக்கக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் ஒரு நூலை, எண்ணியே எங்களை வளர்த்த ஒருவரின் மகள் எப்படிப் படிக்க வேண்டும்? நான்காம் அத்தியாயத்திலும் இதே போக்கு இருக்கிறது. பெரியவர்களுக்கு எண்கள்தாம் பிடிக்கும், புது நண்பன் ஒருவனைப் பற்றிச் சொன்னால் அவனுடைய குரல் எப்படிப்பட்டது என்று கேட்காமல் அவனுடைய அப்பாவுக்கு எவ்வளவு வருமானம் என்று கேட்பார்கள் என்கிறார் ஆசிரியர். அப்பாவின் வருமானத்தைக் கேட்டுத்தான் மளிகைக் கடையில் கடன் கொடுத்தார்கள் என்பது எங்கள் தெருவின் நடைமுறை. இந்த நூல் என் அம்மாவைக் கேலி செய்கிறது என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும், அப்படி இல்லை என்பதை நூலுக்குள்ளிருந்தே காட்ட வேண்டும் என்று விரும்புகிறேன். வளர்ந்த பிறகு இதை மறுபடி படித்தவர்கள் எழுதுங்கள்.

காட்பாடி ஓய்வாசிரியர்

அம்மா, நீங்கள் கேட்ட சான்று அதே அத்தியாயத்தின் இறுதியிலேயே இருக்கிறது. சிறுவர்கள் அந்த இடத்துக்கு வருவதற்குள் சிரித்துக் களைத்துப்போகிறார்கள்; அதனால்தான் அது நம் நினைவில் தங்கவில்லை என்று எண்ணுகிறேன். எண்ணி முடித்த தொகையை ஒரு சீட்டில் எழுதி, அந்தச் சீட்டை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிடுவேன், அவ்வளவு போதும் என்கிறார் வணிகர். இளவரசன் அப்போது தன் உடைமைகளைச் சொல்கிறான். தன்னிடம் ஒரு மலர் இருக்கிறது, அதற்கு அன்றாடம் தண்ணீர் ஊற்றுகிறான். மூன்று எரிமலைகள் இருக்கின்றன, அவற்றைச் சுத்தம் செய்கிறான். தன்னால் மலருக்கும் எரிமலைகளுக்கும் பயன் உண்டு, ஆனால் உங்களால் விண்மீன்களுக்கு என்ன பயன் என்று கேட்கிறான். வணிகரிடம் பதில் இல்லை. குற்றம் எண்ணுவதில் இருப்பதாக நூல் சொல்லவில்லை. எண்ணியது யாருக்கும் போய்ச் சேராமல் இழுப்பறைக்குள் கிடப்பதையே அது கேள்வி கேட்கிறது. உங்கள் அம்மாவின் எண்ணிக்கை மாலையிலேயே அரிசியாகி உங்கள் தட்டுக்கு வந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். எண்களைக் கேலி செய்யும் இந்த நூல் ஓயாமல் எண்ணிக்கொண்டே இருக்கிறது. மலருக்கு நான்கு முட்கள். பாலைவனத்தில் சிக்கிக்கொண்டு இந்தக் கதையைச் சொல்லும் விமானியிடம் எட்டு நாள் குடிநீர். மனம் வருந்திய ஒரு நாளில் இளவரசன் நாற்காலியை நகர்த்தி நகர்த்திச் சூரியன் மறைவதை 44 முறை பார்த்தான். சில பதிப்புகளில் இந்த எண் 43 என்று இருக்கும். 1943இல் நியூயார்க்கில் வெளிவந்த முதல் பதிப்பில் 44 என்று இருந்தது. 1946இல் பிரான்ஸில் வெளிவந்த பதிப்பில் 43 ஆகி, அதைப் பின்பற்றிய பதிப்புகளில் அப்படியே நீண்ட காலம் தொடர்ந்தது. துயரத்தை அளப்பதற்கு எண்ணைவிட நல்ல கருவி அந்தச் சிறுவனுக்குக் கிடைக்கவில்லை என்பதே என் புரிதல்.

அடுத்த அத்தியாயத்தில் விளக்கேற்றுபவர் வருகிறார். மாலையில் விளக்கை ஏற்ற வேண்டும், காலையில் அணைக்க வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை. முன்பு அவருக்கு ஓய்வு கிடைத்துக்கொண்டிருந்தது. கிரகம் ஆண்டுக்கு ஆண்டு வேகமாகச் சுழலத் தொடங்கி, இப்போது நிமிடத்துக்கு ஒரு சுற்று என்றாகிவிட்டது. கட்டளை மட்டும் மாறவில்லை. ஆகவே அவர் ஒரு நொடி ஓயாமல் ஏற்றுகிறார், அணைக்கிறார். சிறு வயதில் இதை வெறும் வேடிக்கையாகப் படித்தேன். நீண்ட காலம் பணியில் இருந்து ஓய்வு பெற்ற பின் படிக்கும்போது, வேலையைப் பற்றி இவ்வளவு துல்லியமாக எழுதப்பட்ட கதை குறைவு என்று தோன்றுகிறது. விதியை வகுத்தவர்கள் ஒரு காலத்தில் வகுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பாரம் ஏறிக்கொண்டே போவதை அந்த இடத்தில் நிற்பவன் மட்டும் அறிகிறான். இளவரசன் சந்தித்த பெரியவர்களில் அபத்தமாகத் தெரியாதவர் இவர் ஒருவர்தான். தன்னைத் தவிர வேறொன்றைப் பற்றி இவர் கவலைப்படுவது அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று அவனே சொல்கிறான். நண்பராக்கிக்கொள்ளவும் விரும்புகிறான், அந்தக் கிரகத்தில் இருவருக்கு இடமில்லை. உங்கள் அம்மாவை இந்த நூலில் தேடுவதானால் வணிகரின் மேசையை விட்டுவிட்டு இந்த விளக்குக் கம்பத்தினடியில் தேடுங்கள்.

வேலூர் சைதாப்பேட்டை

நான்காம் அத்தியாயத்தைப் பற்றிப் பேசுவதால் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இளவரசனின் கிரகம் என்று அங்கே சொல்லப்படும் பி-612 என்ற குறுங்கோளை 1909இல் ஒரு துருக்கிய வானியலாளர் கண்டுபிடித்து அறிவித்தபோது, அவர் அணிந்திருந்த உடையைப் பார்த்து யாரும் அவரை நம்பவில்லை. ஐரோப்பிய உடை அணியாதவர்களுக்கு மரண தண்டனை என்று ஒரு சர்வாதிகாரி ஆணையிட்ட பிறகு, 1920இல் அவர் அதே நிரூபணத்தை நேர்த்தியான ஐரோப்பிய உடையில் முன்வைத்ததும் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். சிறுவனாகப் படித்தபோது எனக்கு அது இரண்டு படங்கள் மட்டுமே. வேலூர்க் கோட்டையைத் தினமும் கடந்து வேலைக்குப் போகிற இன்றைய எனக்கு அப்படி இல்லை. புதிய வகைத் தலைப்பாகையை அணிய வேண்டும், அதில் தோலால் ஆன சின்னம் இருக்கும், சமயக் குறிகளையும் காதணிகளையும் விட வேண்டும், தாடியை மழிக்க வேண்டும் என்று ஆங்கிலேயர் விதித்த ஆணைதான் 1806ஆம் ஆண்டு ஜூலை 10 விடியலுக்கு முன் அந்தக் கோட்டைக்குள் சிப்பாய்களைக் கிளர்ந்தெழச் செய்தது. உடையைக் கொண்டு ஆளை மதிப்பிடுவது எத்தனை உயிர்களைக் குடித்தது என்பதை அறிந்த ஊர் இது. சிறுவர் நூலில் மரண தண்டனை என்ற சொல் போகிற போக்கில் வருகிறதே என்று இப்போதுதான் திடுக்கிட்டேன்.

ஜோலார்பேட்டை

ஆசிரியர் ஐயா சொன்ன விளக்கேற்றுபவருக்கு உறவினர் ஒருவர் இருபத்திரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறார். அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ரயில்களை வலப்பக்கமும் இடப்பக்கமும் திருப்பிவிடும் பாயிண்ட்ஸ்மேன் அவர். என் அப்பா ஜோலார்பேட்டை சந்திப்பில் அந்த வேலையைச் செய்தவர் என்பதால் சிறு வயதில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் அதுவே. பயணிகளை ஆயிரம் ஆயிரமாகக் கட்டுக் கட்டி அனுப்புகிறேன் என்கிறார் அவர். பீடிக் கட்டைப் பற்றிக் குடியாத்தம் அக்கா எழுதியதைப் படித்ததும் இந்த வரிதான் நினைவுக்கு வந்தது.

இப்போது படிக்கையில் ஒன்று உறுத்துகிறது. ரயிலுக்குள் பெரியவர்கள் தூங்குகிறார்கள் அல்லது கொட்டாவி விடுகிறார்கள், குழந்தைகள் மட்டுமே சன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்தி வெளியே பார்க்கிறார்கள் என்று அந்த அத்தியாயம் சொல்கிறது. எங்கள் ஊரிலிருந்து ஏலகிரி எக்ஸ்பிரஸில் விடியலுக்கு முன் ஏறிச் சென்னை போய், இரவில் திரும்பி வருகிற சீசன் டிக்கெட்காரர்களை எனக்குத் தெரியும். அவர்கள் வாழ்க்கையில் ஆர்வம் இழந்ததால் தூங்குவதில்லை. வேறெங்கும் தூங்க நேரம் கிடைக்காததால் ரயிலில் தூங்குகிறார்கள். வாணியம்பாடியும் ஆம்பூரும் கடப்பது அவர்களுக்குக் கண்ணை மூடியபடியே தெரியும். அவர்களைப் பற்றி இந்த நூலுக்குச் சொல்ல எதுவும் இல்லையா?

காட்பாடி ஓய்வாசிரியர்

தம்பி, இந்த நூலுக்குள் இல்லை. ஆனால் இதை எழுதியவரிடம் இருந்தது. 1939இல் அவர் வெளியிட்ட விமான அனுபவ நூலின் கடைசிப் பகுதியில், பிரான்ஸில் வேலை இழந்து நாடு திரும்பும் போலந்துத் தொழிலாளர்கள் நிறைந்த மூன்றாம் வகுப்புப் பெட்டிகளின் வழியே இரவில் நடந்து செல்கிறார். அடுக்கி வைத்தாற்போலத் தூங்குகிறவர்களைப் பார்க்கிறார். உழைத்துக் களைத்த ஒரு கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில் தூங்கும் குழந்தையின் முகத்தில் சிறு வயது மொசார்ட்டைக் காண்கிறார். அந்தக் குழந்தையைப் பேணி வளர்க்க யாரும் இருக்கப்போவதில்லை என்று மனம் கசந்து எழுதுகிறார். தூங்கும் உழைப்பாளியைக் கண்ட அந்தக் கண்தான் சில ஆண்டுகளுக்குப் பின் சன்னலில் மூக்கை வைத்த குழந்தையை எழுதியது. 1935 டிசம்பரில் பாரிஸிலிருந்து சைகோனுக்குப் பறக்கும் முயற்சியில் லிபியப் பாலைவனத்தில் விழுந்து, தம் பொறியாளர் பிரெவோவுடன் தாகத்தில் சாகும் நிலைக்குப் போய், பெதூயின் என்ற பாலைவன நாடோடி ஒருவரால் காப்பாற்றப்பட்டதையும் அந்த நூலில்தான் விரிவாக எழுதியிருக்கிறார். 'குட்டி இளவரச'னின் விமானியும் கிணறும் வந்த இடம் அதுவே. இரண்டையும் சேர்த்துப் படித்தால் பெரியவர்கள்மீது அவருக்கு இருந்தது வெறுப்பு அன்று என்பது விளங்கும்.

குடியாத்தம் வாசகி

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு, நேற்று அம்மாவிடம் வணிகரின் அத்தியாயத்தை முழுவதும் உரக்கப் படித்துக் காட்டினேன். அம்மா சிரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. அவ்வளவு எண்ணிய அந்த ஆளுக்கு யார் கூலி கொடுத்தார்கள் என்று கேட்டார். யாரும் கொடுக்கவில்லை, அவரே சீட்டில் எழுதிப் பூட்டிக்கொண்டார் என்றேன். அப்படியானால் அது வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். இளவரசன் கேட்ட கேள்விக்கு வெகு அருகில் அம்மா வந்து நின்றதாகவே எனக்குப் பட்டது.

ஆனாலும் என் மனக்குறை ஒன்று மிச்சம் இருக்கிறது. விளக்கேற்றுபவரை நூல் நேசிக்கிறது, ஆனால் அவரை விட்டுவிட்டு அடுத்த கிரகத்துக்குப் போய்விடுகிறது. 24 மணி நேரத்தில் 1,440 முறை சூரியன் மறையும் இடம் அது என்பதற்காகவே அங்கிருந்து போக மனமில்லாமல் இருந்தான் என்று அத்தியாயம் முடிகிறது. ஓய்வுக்கு ஏங்கும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தச் சிறுவன் சூரியன் மறையும் காட்சிக்கு ஏங்குகிறான். சிறுவர்களின் இயல்பு அதுதான். நானும் அந்தத் திண்ணையில் புத்தகம்தானே படித்துக்கொண்டிருந்தேன்.

சத்துவாச்சாரி செவிலி

இளவரசனின் மலரான ரோஜாவைப் பற்றி இதுவரை யாரும் விரிவாக எழுதவில்லை. சிறுமியாக இருந்தபோது அவளை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. காற்று ஆகாது, திரை வை என்பாள். இரவில் கண்ணாடிக் கூண்டால் மூடு என்பாள். பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் இருமுவாள். நல்ல பையனை இப்படி அலைக்கழிக்கிறாளே என்று நினைத்தேன். இந்த முறை படித்தபோது, நாம் கேட்பதெல்லாம் அவன் சொன்ன கதை, அவளுடைய கதையை யாரும் கேட்கவில்லை என்பது முதல் வேலையாகக் கண்ணில் பட்டது. ஒன்பதாம் அத்தியாயத்தில் அவன் விடைபெறும்போது அவள் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். குற்றம் சொல்லவில்லை. உன்னை நேசிக்கிறேன், அதை நீ அறியாமல் போனது என் பிழைதான் என்கிறாள். கண்ணாடிக் கூண்டு வேண்டாம் என்று அவளே தள்ளிவிடுகிறாள். வண்ணத்துப்பூச்சிகளை அறிய வேண்டுமானால் இரண்டு மூன்று கம்பளிப்புழுக்களைத் தாங்கத்தான் வேண்டும் என்கிறாள். பெரிய விலங்குகள் வந்தால் தன் நான்கு முட்களைக் காட்டுவேன் என்கிறாள். அழுவதை அவன் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகச் சீக்கிரம் போ என்கிறாள். இந்த நூலிலேயே துணிவு மிகுந்த பக்கம் இதுதான் என்பேன்.

நோயாளிகளிடமும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் உறவினர்களிடமும் இதை நான் அன்றாடம் பார்க்கிறேன். ஓயாமல் தண்ணீர் கேட்டு, தலையணையை மாற்றச் சொல்லி, துணைக்கு இருப்பவரைப் பாடாய்ப்படுத்தியவரே, அவர் ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாளில் எனக்கு ஒன்றுமில்லை, நீ போ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். நூலாசிரியரின் மனைவி கொன்சுவேலோ எரிமலைகள் நிறைந்த எல் சால்வடோரைச் சேர்ந்தவர், ஆஸ்துமாவால் துன்பப்பட்டவர். ரோஜாவின் இருமலும் கிரகத்தின் எரிமலைகளும் அவரிடமிருந்து வந்தவை என்று பலர் கருதுகிறார்கள். அவர் எழுதி வைத்த நினைவுக் குறிப்புகள் அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 2000இல் வெளிவந்தன. ரோஜா வாய் திறக்க அவ்வளவு காலம் ஆயிற்று.

ஆம்பூர்

என் மகளுக்கு ஒன்பது வயது. இந்த நூலை அவளிடம் கொடுக்க நினைத்துத்தான் நானும் மறுபடி படித்தேன். பாம்பு கடித்து இளவரசன் மணலில் சாயும் இருபத்தாறாம் அத்தியாயம் என்னைத் தயங்க வைக்கிறது. சிறுவனாகப் படித்தபோது அவன் தன் கிரகத்துக்குப் போய்விட்டான் என்று முழுமையாக நம்பினேன். இப்போது அப்படி நம்ப முடியவில்லை. அவள் கேட்டால் என்ன சொல்வது?

சத்துவாச்சாரி செவிலி

அண்ணா, அவள் என்ன நினைக்கிறாள் என்பதை முதலில் அவளிடமே கேளுங்கள். குழந்தைகள் தங்களால் தாங்க முடிந்த அளவுக்குத்தான் ஒரு கதையிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். மீதியைப் பிறகு வருவதற்காக விட்டுவிடுகிறார்கள். நீங்கள் அந்த வயதில் எடுத்துக்கொண்டதும் பொய் இல்லை. விடிந்து பார்த்தபோது உடல் அங்கே இல்லை என்று நூலே சொல்கிறது. இறந்தானா போனானா என்ற முடிவை ஆசிரியர் வேண்டுமென்றே நம் கையில் விட்டிருக்கிறார். அவள் இறந்துவிட்டான் என்று சொன்னால் மறுக்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். தனியாகப் படிக்கக் கொடுப்பதைவிட உடனிருந்து படிப்பது இந்த ஓர் அத்தியாயத்துக்குத் தேவை.

காட்பாடி ஓய்வாசிரியர்

நூல் வெளிவந்த மறு ஆண்டு, 1944 ஜூலை 31 அன்று, ஆசிரியர் கோர்சிகாவிலிருந்து உளவு பார்ப்பதற்காக விமானத்தில் தனியாகப் புறப்பட்டார்; திரும்பவில்லை. அப்போது அவருக்கு வயது 44. அவருடைய பெயரும் கொன்சுவேலோவின் பெயரும் பொறித்த கைச்சங்கிலி 1998இல் மார்செய் அருகே கடலில் ஒரு மீனவரின் வலையில் சிக்கியது. விமானத்தின் சிதைவுகள் 2000இல் கண்டறியப்பட்டு, அவருடையவைதாம் என்று 2004இல் உறுதியாயின. உடல் கிடைக்கவில்லை. நம்மில் பலர் இந்த நூலைச் சிறு வயதில் படித்தபோது, இளவரசனைப் போலவே அவரும் எங்கே போனார் என்பது யாருக்கும் தெரியாத காலம். இன்று ஒன்பது வயதில் படிக்கும் குழந்தைக்கு அந்தச் செய்தியும் சேர்ந்தே வந்துவிடுகிறது. முன்பக்கத்திலுள்ள சமர்ப்பணத்தையும் மகளுக்குப் படித்துக் காட்டுங்கள், தம்பி. லெயோன் வெர்த் என்ற யூத நண்பர் ஜெர்மானியர்கள் ஆக்கிரமித்த பிரான்ஸில் பசியிலும் குளிரிலும் மறைந்து வாழ்ந்துகொண்டிருந்த நேரத்தில், நியூயார்க்கிலிருந்து இவர் அவருக்குச் சமர்ப்பித்தார். ஒரு பெரியவருக்கு இதைச் சமர்ப்பிப்பதற்காகக் குழந்தைகளிடம் மன்னிப்புக் கேட்கிறார். சிறு வயதில் நாம் எல்லோரும் புரட்டித் தள்ளிய பக்கம் அது.

ஆம்பூர்

அக்காவுக்கும் ஐயாவுக்கும் நன்றி. உடனிருந்தே படிப்பேன்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். நான் காலணித் தொழிற்சாலையில் தோல் வெட்டும் பிரிவில் வேலை செய்கிறேன். இளவரசனுக்கு விமானி படமாக வரைந்து கொடுத்த ஆடு ரோஜாவைத் தின்றுவிடாமல் இருக்க, அவரே அதற்கு ஒரு வாய்க்கூடும் வரைந்து கொடுக்கிறார். ஆறு ஆண்டுகள் கழிந்து, கடைசி அத்தியாயத்தில், அதைக் கட்டுவதற்கான தோல் வாரை வரைய மறந்துவிட்டேன் என்று அவருக்கு நினைவு வருகிறது. ஆடு மலரைத் தின்றதா இல்லையா என்ற கேள்வியோடு நூல் முடிவது அந்த ஒரு வாரினால்தான். சிறு வயதில் இந்த வரியைக் கண்டதாக எனக்கு நினைவே இல்லை. இப்போது அதைத் தாண்டிப் போக என் கை விடவில்லை. வார் இல்லாமல் வாய்க்கூடு நிற்காது. ஆடு தலையை ஒருமுறை உதறினால் போதும், விழுந்துவிடும். ஆகவே அவருடைய அச்சம் வீண் அச்சம் அன்று, கைவேலை தெரிந்தவருக்கு அது நியாயமாகவே படும். வரும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டின் படத்திலிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன். கடைசி அத்தியாயத்துக்கு வரும்போது மகள் வாரைப் பற்றிக் கேட்டால், வீட்டில் கிடக்கும் துண்டுத் தோலில் ஒன்றை வெட்டி, எந்த இடத்தில் துளையிட வேண்டும், எப்படிக் கட்ட வேண்டும் என்று செய்தே காட்டிவிடுவேன்.